மிச்சத் தூக்கம்

ஆலங்கேணிப்பட்டியில் பிள்ளைகள் தூங்காமல் விட்ட தூக்கம் பாயில் சிந்திக் கிடக்க ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்தில். அதை முதலில் கண்டவள் நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற தங்கபுஷ்பம். கண்டதும் அவள் சொன்னது, "கஞ்சித் தண்ணியக் கொட்டி வச்சிட்டுப் போயிருக்கா பாரு, பொறுப்புகெட்ட கழுதை" என்பதுதான். மகள் சுபிக்ஷா அதற்குள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடிவிட்டிருந்தாள். தலையணைக்கும் சுவருக்கும் நடுவே, கோரைப்பாயின் மேல், வெள்ளையாக, ஆடை படிந்து, இன்னும் வெதுவெதுப்பு மாறாமல் கிடந்தது அது. யூனிபார்முக்குப் போட்ட கஞ்சியாக்கும் என்று நினைத்து வைதுகொண்டே பழந்துணியால் துடைத்தவள், ராத்திரி முழுக்கப் பஞ்சுத் தூசியில் நின்றுவிட்டு வந்த முகத்தையும் அதே துணியால் ஓர் இழுப்பு இழுத்துக்கொண்டாள். இடுப்பில் சொருகிய சேலையை இறக்கிவிடக்கூட நேரம் கிடைக்கவில்லை, இருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள். அடுப்பில் உலை தீய்ந்து, தீய்ந்த வாடை சந்துக்குப் போய், பக்கத்து வீட்டு வேலுத்தாய் ஓடிவந்து அடுப்பை அணைத்து, "மதினி, மதினி" என்று தோளைப் பிடித்து உலுக்கிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் எழுந்தபோது அவளுக்கு உடம்பு இருப்பதே தெரியவில்லை. ராத்திரி ஷிப்ட்காரிகளின் பகல் தூக்கம் எப்படிப்பட்டது என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண் மூடியிருக்கும், காது மூடாது, தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தேடிக் கை போகும், மீன்காரர் கூவினால் விலை மனசில் ஓடும். இது அப்படி இல்லை. இது பதினேழு வயதுத் தூக்கம். இடி விழுந்தாலும் தெரியாத, எழுப்பினாலும் எழாத, வாய் ஓரம் எச்சில் ஒழுகுகிற தூக்கம். கல்யாணத்துக்கு முன்னால் தானும் அப்படித் தூங்கியவள்தான் என்பது தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் அழுகை வந்தது. மறுநாள் காலையும் அதே இடத்தில் அதே போலக் கிடந்ததைப் பார்த்ததும் அவள் துணியைத் தேடவில்லை. ஒரு போகணியை எடுத்துவந்து, கரண்டியால் பதமாக வழித்து வைத்துக்கொண்டாள்.

சுபிக்ஷா ஏன் தூங்கவில்லை என்றால், பயம். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் பாடம் கேட்பதற்கென்று அவள் அப்பா ஒரு போன் வாங்கி அனுப்பியிருந்தார். அவர் வடக்கே எங்கோ ஒரு முறுக்குக் கம்பெனியில் மாவு பிசைகிறவர், தீபாவளிக்குத் தீபாவளி முகம் காட்டுகிறவர். பாடம் பழையபடி பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டது, போன் வீட்டோடு தங்கிவிட்டது. அந்தப் போனுக்குள் அவள் வகுப்புப் பெண்கள் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். ஒருத்தி போட்டோ போட்டால் மற்றவர்கள் உடனே இதயம் போட வேண்டும், ஒருத்தி அழுதால் எல்லாரும் அழுகிற பொம்மை போட வேண்டும், பிந்தினால் "மேடம் பிஸி" என்பார்கள், இன்னும் பிந்தினால் சத்தமில்லாமல் அவளை மட்டும் விட்டுவிட்டு வேறொரு குரூப் ஆரம்பிப்பார்கள். அப்படி விடப்பட்ட ஒரு பெண்ணை சுபிக்ஷா பார்த்திருக்கிறாள். அவளை விட்டுவிட்டு ஆரம்பித்த குரூப்பில் இவளும் இருந்தாள், இவளும் சிரித்தாள். அதனால் இவளுக்குத் தெரியும், கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்று. இதை அம்மாவிடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆவணி பிறப்பதற்குள் ஊரில் போன் வைத்திருக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளிலெல்லாம் பாயில் வெள்ளை கிடந்தது. இது எதனால் என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. மிச்சம் விழுகிற எதையும் கொட்ட மனசு வராத ஊர் அது. சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், குழம்பு மிஞ்சினால் சுண்ட வைப்பார்கள், மாவு மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள், இட்லி மிஞ்சினால் உதிர்த்துத் தாளிப்பார்கள். தூக்கம் மிஞ்சியது, எடுத்து வைத்தார்கள். வேலுத்தாயின் வீட்டுக்காரர் அருணகிரி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து கண் மூடினால் பஸ் ஆடுகிற மாதிரியே இருக்கிறது என்று உட்கார்ந்தே விடிய வைக்கிறவர். அவர் சுபிக்ஷாவின் தூக்கத்தில் ஒரு கரண்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழாமல் கிடந்தார். அதற்குப் பிறகு வேலுத்தாய் அடிக்கடி டம்ளரோடு வந்து நின்றாள். "மதினி, ஒங்க பாப்பாதுதான் இவருக்கு ஒத்துக்கிடுது. அந்தக் காலேஜ் பயகளோடதப் பூசுனா தலை வலிக்குதுங்காரு."

இப்படி ஊருக்கே ருசி தெரிந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் தூக்கம் கெட்டியானது என்றும், எட்டாம் வகுப்பு என்றால் கொஞ்சம் இனிப்பாக, ஆனால் சீக்கிரம் கலைந்துவிடும் என்றும், பரீட்சை நேரத்துத் தூக்கம் புளிக்கும் என்றும் பேசிக்கொண்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் பழத்தோடு ஒரு சம்படம் தூக்கமும் கொண்டுபோனார்கள். எழவு வீட்டில் அழுது ஓய்ந்தவர்களுக்குக் காப்பிக்குப் பிறகு ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்கள். நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட்காரிகளின் முகத்தில் வெளிச்சம் வந்தது, மேஸ்திரி திட்டினால்கூடச் சிரித்தார்கள். ஊர் மொத்தமும் அப்படி அமைதியாக, கன்னம் உப்பி, சண்டை சச்சரவு குறைந்து இருந்த ஒரு காலம் முன்பும் கிடையாது, பின்பும் கிடையாது.

அந்தக் காலத்தில்தான் தாய்மார்கள் ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டார்கள். போனை வையேன், கண்ணு கெட்டுப் போகும், படு என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு நின்றே போனது. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததல்ல. டேட்டா தீர்ந்துவிட்டது என்று பிள்ளை முகம் தொங்கப்போட்டால் அம்மாவே ரீசார்ஜ் கடைக்குப் போய் நின்றாள். சார்ஜர் வயர் அறுந்தால் அப்பா அன்றைக்கே புதுசு வாங்கி வந்தார். பிள்ளைகள் கண்ணுக்குக் கீழே கறுத்து, கூப்பிட்டால் இரண்டு முறைக்குப் பிறகு திரும்பி, சிரிக்க வேண்டாத இடத்தில் சிரித்து, சோற்றைப் பிசைந்தபடியே மறந்து உட்கார்ந்திருந்தார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைக அப்படித்தான்" என்று நன்றாகத் தூங்கி எழுந்த பெரியவர்கள் சொன்னார்கள்.

தங்கபுஷ்பம் மோசமான தாய் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மகளுக்கு முட்டை அவித்து வைக்காமல் அவள் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. ராத்திரி கிளம்பும்போது வாசலில் நின்று, "பாப்பா, படுத்துரு என்ன" என்று சொல்லத்தான் செய்தாள். ஆனால் அந்தச் சொல்லில் பலம் இல்லை. காலையில் வீடு திரும்பும்போது கால் தானாக வேகமெடுப்பதும், கதவைத் திறந்ததும் கண் முதலில் பாய்க்குப் போவதும் அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

ஐப்பசியில் மில்லில் ஆர்டர் நெருக்கியது. இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் நின்றுவிட்டு ஒரு நாள் மத்தியானம் வந்தவள், பாயில் கிடந்ததை வழித்தாள், போதவில்லை. போகணியில் முன்னால் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தாள், போதவில்லை. அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, ஓரத்தைச் சுரண்டி, விரலையும் கண்ணிமையில் தேய்த்துக்கொண்டாள். எழுந்த பிறகு போகணியைச் சாம்பல் போட்டு விளக்கிக் கவிழ்த்தாள். பாயில் வாடை அடிக்கிறது என்று அதையும் தண்ணீர் விட்டுக் கழுவி வெயிலில் போட்டாள்.

மறுநாள் காலை பாயில் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனால் ஏமாற்றத்துக்கு மேலே சந்தோஷமும் வந்தது. "நம்ம பாப்பா தூங்க ஆரம்பிச்சிட்டா மதினி. ரெண்டு நாளா பாயி சுத்தமா கெடக்கு" என்று வேலுத்தாயிடம் சொன்னாள். "நல்லாருக்கட்டும்" என்றாள் வேலுத்தாய், கொஞ்சம் முகம் வாடி.

சுபிக்ஷா பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்தது அந்த வாரம்தான். ஆட்டோவில் கொண்டுவந்து விட்ட டீச்சர், தூக்கம் இல்லாதது மாதிரித் தெரிகிறது, நன்றாகத் தூங்க வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் விளக்கு வைக்கிற நேரம் வரை சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை. அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டிருந்தாள்.

"புதுக் குரூப் ஆரம்பிச்சிட்டாங்கம்மா" என்றாள். "நான் முழிச்சுத்தான் இருந்தேன். கெமிஸ்ட்ரி பீரியட்ல, எனக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டே ஆரம்பிச்சிட்டாங்க."

தங்கபுஷ்பம் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். தலையைத் தடவினாள்.

"இனிமே முழிச்சு என்ன செய்யப்போறேன். எனக்குத் தூங்கணும்மா. படுத்தா வரமாட்டேங்குது. கண்ணு மூடியிருக்கு, உள்ள வெளிச்சமா இருக்கு. வழிச்சு வச்சிருக்கேல்ல, அதக் கொஞ்சம் குடேன்."

கவிழ்த்து வைத்த போகணி அடுப்பு மேடையில் பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்கிற தைரியம் தங்கபுஷ்பத்துக்கு வரவில்லை. "இருடா தாயி, அத்தைகிட்ட இருக்கும்" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

விஷயத்தைக் கேட்டதும் வேலுத்தாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடியில சொட்டு மிச்சம் வைக்கலையா மதினி? உறை இல்லாம பாலு எப்படித் தயிராகும்? அந்தச் சொட்டு ஒட்டிக்கிட்டு இருக்கப் போயில்ல மறுநா மறுநா ஊறிக்கிட்டு இருந்துச்சு." எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான், தயிரைப் பற்றித் தெரியும், தோசை மாவைப் பற்றித் தெரியும். தூக்கத்தைப் பற்றி யாரும் அப்படி யோசித்துப் பார்க்கவில்லை.

"ஒங்ககிட்ட பாப்பாதுல கொஞ்சம் இருக்குமா?"

"இருக்கு. ஒரு கரண்டி அடியில கெடக்கு" என்ற வேலுத்தாய், உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தயங்கினாள். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "வெள்ளிக்கெழமை அதுவுமா, இப்பத்தான் விளக்கு வச்சேன். விளக்கு வச்சபெறகு உறை மோரு வெளிய குடுக்க மாட்டோம்னு ஒங்களுக்குத் தெரியாததா. விடியவும் வாங்க மதினி, மொத வேலையா எடுத்துத் தாரேன்."

தங்கபுஷ்பம் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம், காலில் விழுந்திருக்கலாம், உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்திருந்தால்கூட வேலுத்தாய் தடுத்திருக்க மாட்டாள். ஆனால் அந்த நேரத்தில் யாராவது தன் வீட்டு வாசலில் டம்ளரோடு வந்து நின்றிருந்தால் தானும் இதையேதான் சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தெரியும். விளக்கு வைத்த வீட்டிலிருந்து வெள்ளையாக எதையும் வாங்கிக்கொண்டு போவது வாங்குகிறவளுக்கும் கூச்சமான காரியம். "சரி மதினி, காலைல வாரேன்" என்று காலி டம்ளரோடு திரும்பினாள்.

விடிந்ததும் போனபோது வேலுத்தாய் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். நெஞ்சு படபடவென்று வருகிறது என்று அருணகிரி எழுந்து, இருட்டோடு இருட்டாகத் துழாவி, அந்தக் கரண்டியை எடுத்துப் பூசிக்கொண்டுவிட்டார். குழந்தை மாதிரி வாயைத் திறந்து, ஒருக்களித்து, சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார் மனுஷர். அவரை எழுப்பி என்ன ஆகப்போகிறது. தங்கபுஷ்பம் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், அதில் பூசியிருந்ததுதான் மகளின் தூக்கத்தில் கடைசிக் கரண்டி.

ஊர் கல்மனசு படைத்தது அல்ல. கேள்விப்பட்டதும் வீட்டுக்கு வீடு கொண்டுவந்தார்கள். ஒன்பதாம் வகுப்புத் தூக்கம், கல்லூரித் தூக்கம், ஒரு கைக்குழந்தையுடையதைக்கூட ஒருத்தி மனசு வந்து கொண்டுவந்தாள். அத்தனையும் சுபிக்ஷாவின் முகத்தில் நிற்காமல் கழுத்து வழியாக இறங்கித் தரையில் வழிந்தது. அடியில் சொந்தத் தூக்கம் கொஞ்சமாவது இருந்தால்தான் அடுத்தவர் தூக்கம் மேலே தங்கும் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரியவந்தது. பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள்; மாத்திரையில் அவள் உடம்பு அசையாமல் கிடந்தது, கண்ணுக்குள் வெளிச்சம் அணையவில்லை.

இதிலிருந்து ஆலங்கேணிப்பட்டி ஒரு பாடம் கற்றுக்கொண்டது. மகளிர் குழுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகவே போட்டார்கள், பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் தலைமையாசிரியர் அறிவித்தார், ரேஷன் கடைச் சுவரில்கூட எழுதிப்போட்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளையின் தூக்கத்தில் ஒரு கரண்டியை அடியில் விட்டுவையுங்கள் என்பதே அந்தப் பாடம். அன்றிலிருந்து எல்லாரும் கவனமாக ஒரு கரண்டி விட்டுவைத்தார்கள். போனைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

தங்கபுஷ்பம் மட்டும் லீவு போட்டுவிட்டு மகளோடு இருந்தாள். கார்த்திகை பிறந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபிக்ஷாவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்கள் மட்டும் பெரிசாக, சிவந்து, மூட மறந்தவை போல் இருந்தன.

"அம்மா" என்றாள். "என் தூக்கத்துல கனவு வந்துச்சா?"

கனவைப் பற்றி இந்தக் கதையில் இதுவரை ஒன்றும் சொல்லாததற்குக் காரணம், தங்கபுஷ்பமே அதை யாரிடமும் மூச்சு விட்டதில்லை என்பதுதான். ஊரில் வேறு எவரும் விட்டதில்லை. அடுத்தவர் தூக்கத்தில் அடுத்தவர் கனவுதான் வரும். அதை வெளியே சொல்லிவிட்டால் அப்புறம் எப்படி எடுத்துப் பூசிக்கொள்வது?

"வந்துச்சு" என்றாள்.

"என்ன கனவு?"

"தெனமும் ஒண்ணேதான். ஒங்க பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்கு அடியில பிள்ளைக வட்டமா உக்காந்து சாப்பிடுதுக. கையில டிபன் பாக்ஸோட நின்னுக்கிட்டு இருக்கோம். யாரும் நிமிந்து பாக்கல. சாம்பார் வாடை வருது, நல்லாப் பசிக்குது. சிரிச்சுக்கிட்டே இருக்காளுக. எதுக்குச் சிரிக்காளுகன்னு தெரியல, நாமளும் சிரிச்சுக்கிட்டே நிக்கோம்."

மழை ஓட்டில் சடசடவென்று விழுந்தது. சுபிக்ஷா திரும்பவில்லை.

"தெனமுமா?"

"தெனமும்."

"நீ ஒரு நாளும் எங்கிட்டக் கேக்கலையேம்மா."

"கனவுதானன்னு நெனச்சேன்" என்று சொல்ல வந்தாள் தங்கபுஷ்பம். தொண்டைக்கு வந்த பொய்யை விழுங்கினாள். கனவில் அந்த மரத்தடியில் நின்று நின்று கால் கடுத்து, நெஞ்சு அடைத்துத்தான் அவள் ஒவ்வொரு நாளும் எழுந்தாள். எழுந்து, குளித்து, முட்டை அவித்து வைத்து, வாசலில் நின்று படுத்துரு என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டால் பிள்ளை சொல்லியிருப்பாள். சொன்னால் போனை வாங்கி வைக்க வேண்டியிருக்கும். வாங்கி வைத்தால் காலையில் பாயில் ஒன்றும் இருக்காது.

"எனக்கு அசதியா இருந்துச்சு பாப்பா" என்றாள். "அந்தக் கனவோடயும் நல்லாத் தூக்கம் வந்துச்சு."

சுபிக்ஷாவுக்குக் கோபம் வரும், கத்துவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். கோபம் வருவதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை. சின்னப்பிள்ளை கதை கேட்கிற குரலில், "கடைசியில யாராவது நகந்து எடம் விட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி. நின்னுக்கிட்டேதான் இருந்தோம்."

மகள் சுவரோரமாக நகர்ந்து, அம்மா நன்றாகக் கால் நீட்டப் பாயில் இடம் விட்டாள். தங்கபுஷ்பம் அவளைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கு உன்னோடு முழித்திருக்கிறேன், இனிமேல் என்றைக்கும் முழித்திருக்கிறேன் என்று காதில் சொன்னாள்; சொன்னது உண்மையாகவே நடக்க வேண்டும் என்று தொடையைக் கிள்ளிக்கொண்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், குலசாமியைக் கூப்பிட்டாள். ஆனால் ஆண்டுக்கணக்கில் ராத்திரியை நின்று கழித்த உடம்பு அது, வெளியே மழை, கைக்குள் மகளின் சூடு. எவ்வளவு தள்ளியும் கேளாமல் அவளுடைய சொந்தத் தூக்கம் காலிலிருந்து மெல்ல ஏறிவந்தது. கடைசியாக அவள் பார்த்தது, ஒரு சாண் தூரத்தில் விழித்தபடி தன்னையே பார்த்துக்கொண்டிருந்த சுபிக்ஷாவின் கண்களை.

"தூங்கும்மா" என்றாள் சுபிக்ஷா.